தீப்பொறி தந்த கெட்டரிங்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

கல்லூரி மலரில் விஞ்ஞானிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் நியூட்டனையோ எடிசனையோ நம் சர் சி. வி. இராமனையோ தேர்ந்தெடுப்பது வழக்கம். நான் எடுத்துக்கொண்டவரின் பெயர் நம் பாடநூல்களில் இல்லை. ஆனால் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஒரு நகரமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நியூயார்க்கில் புகழ் பெற்ற புற்றுநோய் நிலையத்தின் பெயரிலும் அவர் பெயர் பாதியாக இருக்கிறது. பெட்ரோலில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம் அவர் வகுத்த முறையிலேயே தீப்பொறி பெற்றன. அவர்தாம் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங்.

மின்காந்தத் தூண்டல் பாடத்தில் தூண்டு சுருளைப் படித்தபோது, இது எங்கே பயன்படுகிறது என்று தேடப் போய் அவரைக் கண்டுகொண்டேன். அவருடைய கண்டுபிடிப்பு எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எந்த இடத்தில் தளர்ந்து போனது, அங்கே அதைத் தள்ளிக்கொண்டு போனவர் யார் என்பதே என்னை அதிகம் ஈர்த்தது. ஆகவே வாழ்க்கையோடு கொஞ்சம் கணக்கும் கலந்து வரும். கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

1876-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள், ஒகையோவில் லவுடன்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை வீட்டில் கெட்டரிங் பிறந்தார். உழவர் குடும்பம். சிறு வயது முதலே கண் பார்வை குறைவு. படிக்கத் தொடங்கினால் தலைவலி வந்துவிடும். பள்ளிப் படிப்பை முடித்துச் சில காலம் ஆசிரியராக வேலை பார்த்தார். பின்பு ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் பொறியியல் சேர்ந்தார். கண் மீண்டும் கைகொடுக்கவில்லை. படிப்பை நிறுத்திவிட்டுத் தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலைக்குப் போனார். குழி தோண்டுவதும் கம்பம் நடுவதும் அதன் மேல் ஏறுவதும் அன்றாட வேலை. அந்தத் திறந்தவெளி வாழ்க்கையில் உடல் தேறியது. மறுபடியும் கல்லூரிக்குத் திரும்பினார். உடன் படித்தவர்கள் பாடத்தை வாய்விட்டுப் படிக்க, அவர் காதால் கேட்டே கற்றார். 1904-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தெட்டு ஆகவிருந்தது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படிப்பு ஓர் ஆண்டு தள்ளிப் போனாலே வாழ்க்கை போய்விட்டது என்று உறவினர் வருந்துவதைக் கேட்டே வளர்ந்தவன். கம்பம் ஏறிவிட்டு வந்து இருபத்தெட்டு வயதில் பட்டம் வாங்கிய ஒருவரைப் பற்றி வீட்டில் சொன்னேன். அம்மா நம்பவே இல்லை.

பட்டம் பெற்றதும் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடைகளில் பணம் வாங்கும் பெட்டியை அதுவரை கையால் சுற்றியே இயக்கினார்கள். அதற்கு ஒரு மின்மோட்டார் பொருத்தும் பொறுப்பு கெட்டரிங்கிடம் வந்தது. பெட்டி திறக்க வேண்டியது ஒரு நொடிப் பொழுது மட்டுமே. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அளவுக்கு மீறிய பளுவைச் சிறிய மோட்டார் தாங்கும். நாள் முழுதும் ஓட விட்டால்தான் வெந்து போகும். இந்த எளிய உண்மையைக் கொண்டு அவர் அதைச் செய்து முடித்தார். பின்னாளில் காரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் இதே எண்ணமே விதையாயிற்று.

அந்நிறுவனத்தில் அவருடைய மேலாளராக இருந்த எட்வர்ட் டீட்ஸ் கார்ப் பிரியர். டீட்ஸின் வீட்டுக் கொட்டகையில் நண்பர்கள் சிலர் மாலை நேரங்களில் கூடிக் கார் மின்கருவிகளோடு மல்லுக்கட்டினர். அங்கே பிறந்ததுதான் புதிய தீப்பொறி அமைப்பு.

அக்காலத்தில் பேட்டரியில் ஓடிய கார்களின் தூண்டு சுருளில் அதிரும் நாக்கு ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறையும் அது பொறிமழையாகப் பொழியும். அதனால் உலர் மின்கலங்கள் விரைவில் தீர்ந்துவிடும். கெட்டரிங் இந்தப் பொறிமழையை நிறுத்தினார். எரிய வேண்டிய அந்த ஒரு கணத்தில் ஒரே ஒரு வலிய பொறி போதும் என்பது அவர் முடிவு. காடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்ட் அதைக் கண்டு 8,000 அமைப்புகளுக்கு ஆணை கொடுத்தார். ஆணையை நிறைவேற்ற ஒரு நிறுவனம் வேண்டுமே! 1909-இல் கெட்டரிங் வேலையை விட்டார். டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி தோன்றியது. அதன் ஆங்கில முதல் எழுத்துகளின் கூட்டே பின்னாளில் உலகம் அறிந்த டெல்கோ.

1911-இல் மின் ஸ்டார்ட்டரைச் செய்து காட்டினார். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது வந்தது. அதுவரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். இந்தத் தொல்லை தீர்ந்தது. அத்துடன், ஓடும்போதே பேட்டரிக்கு மின்னூட்டும் டைனமோவும் காரில் ஏறியது. மின்சாரம் தட்டின்றிக் கிடைக்கவே அவருடைய தீப்பொறி முறை மேலும் எளிமையாகிப் பரவியது.

இனி அந்த அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். பேட்டரி, தூண்டு சுருள், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட், அதன் பக்கத்தில் ஒரு கன்டென்சர். இவ்வளவுதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது சுருளின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் ஏறுகிறது. சுழலும் கேம் பாயிண்டைத் திறந்ததும் ஓட்டம் அறுபடுகிறது; காந்தப் புலம் சரிகிறது; துணைச்சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது; பிளக்கில் பொறி பாய்கிறது. பாயிண்டின் முனையிலேயே பொறி பாய்ந்து உலோகம் கருகாமல் கன்டென்சர் காக்கிறது. ஒன்றையும் விளங்காததாக ஒளித்துவைக்காத அமைப்பு. என் அப்பா பெட்ரோல் அம்பாசிடர் ஓட்டிய நாட்களில் வண்டி திணறினால் சாலையோரம் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, மடித்து வைத்த உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்துவிட்டு மறுபடி கிளப்புவாராம். பொறியியல் படிக்காதவரும் கைவைக்கலாம் என்பதே இதன் பெரிய சிறப்பு என்பேன்.

ஆனால் சுருளில் மின்னோட்டம் ஏறுவதற்குக் காலம் வேண்டும். நாம் ஆய்வுக் கூடத்தில் படிக்கும் காலமாறிலி இங்கேதான் வேலை செய்கிறது. சுருளின் தன்மின்தூண்டல் எண் 8 மில்லிஹென்றி, சுற்றின் மின்தடை 3 ஓம், பேட்டரி 12 வோல்ட் என்று கொள்வோம். இவை பாயிண்ட் காலத்துக் கார்களுக்கு ஏறக்குறையப் பொருந்தும் அளவுகள். மின்னோட்டம் அதிக அளவாக 4 ஆம்பியரை எட்டலாம். காலமாறிலி 8-ஐ 3-ஆல் வகுக்கக் கிடைக்கும் 2.67 மில்லி நொடி.

எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு சுற்றுக்கு நான்கு பொறி தேவை. நிமிடத்துக்கு 1,000 சுற்றில், ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே 15 மில்லி நொடி கிடைக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 10 மில்லி நொடி, பாயிண்ட் மூடியிருக்கும். மின்னோட்டம் 3.9 ஆம்பியர் வரை ஏறிவிடும். சுருளில் சேரும் ஆற்றல் சுமார் 61 மில்லிஜூல். அதே எஞ்சின் 6,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 400 பொறி வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் 1.67 மில்லி நொடிதான். மின்னோட்டம் 1.86 ஆம்பியரோடு நின்றுவிடுகிறது. ஆற்றல் சுமார் 14 மில்லிஜூல். கால் பங்குகூட இல்லை! எஞ்சின் மிகுதியாக உழைக்கும் நேரத்தில் பொறி மிகவும் இளைத்துவிடுகிறது.

அப்படியானால் மின்தடையைக் குறைத்து அதிக மின்னோட்டம் விடலாமே என்று கேட்கலாம். விடலாம்; ஆனால் பாயிண்டின் டங்ஸ்டன் முனைகள் நாலைந்து ஆம்பியருக்கு மேல் நீண்ட நாள் தாங்கா, கருகும். இன்னொரு தொல்லையும் உண்டு. நொடிக்கு 400 முறை திறந்து மூடும் அந்தச் சிறு கை, மூடும்போது பந்து போல் துள்ளுகிறது. வேகம் இன்னும் கூடினால் கேமைத் தொடாமலேயே மிதக்கிறது. துள்ளலை அடக்க வலிய வில்லைப் போட்டால், கேமை உரசும் சிறு கட்டை விரைவில் தேய்கிறது. கட்டை தேய்ந்தால் பாயிண்டின் இடைவெளி குறைகிறது. பொறி வர வேண்டிய நேரம் பின்தங்குகிறது. ஒரு பக்கம் சரி செய்தால் மறு பக்கம் பிதுங்கும் நிலை.

பேட்டரியே வேண்டாத மேக்னெட்டோ இதற்கு நேர் எதிர். அது சுழலச் சுழல வலுக்கும், கிளப்பும்போதுதான் சோர்ந்திருக்கும். பந்தயக் கார்க்காரர்கள் நெடுங்காலம் அதை விடாதிருந்ததற்குக் காரணம் இதுவே. கெட்டரிங் பந்தயத்துக்காக எதையும் செய்யவில்லை. காலையில் கடைக்குப் போகிறவரின் கார் சிரமமின்றிக் கிளம்ப வேண்டும் என்று செய்தார். அந்நாளைய எஞ்சின்களுக்கு அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கா உருவாக்கிய பன்னிரண்டு சிலிண்டர் லிபர்ட்டி விமான எஞ்சினுக்கும் 1917-இல் டெல்கோவின் பேட்டரி முறையே பொருத்தப்பட்டது. விமானங்களில் மேக்னெட்டோவே வழக்கமாயிருந்த காலத்தில் இது சிறு செய்தியன்று.

பின் ஏன் அது போதாமற் போயிற்று? இங்கேதான் கதை திரும்புகிறது.

புதிய காடிலாக் எஞ்சின்களில் மேட்டில் ஏறும்போது சுத்தியலால் தட்டுவது போல் ஓர் ஒலி கேட்டது. பழி புதிதாக வந்த பேட்டரித் தீப்பொறியின் மேல் விழுந்தது. கெட்டரிங் அதை ஏற்கவில்லை. ஆனால் மறுத்துப் பேசிவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. 1916-இல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளைஞரிடம் அந்த ஆராய்ச்சியை ஒப்படைத்தார். தட்டலுக்குக் காரணம் தீப்பொறியன்று, எரிபொருள் எரியும் விதமே என்று தெளிவாயிற்று. எரிபொருளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் வெப்பத்தை ஈர்த்து நன்கு எரியுமோ என்று நினைத்து, சாயம் கிடைக்காமல் அயோடினைக் கலந்து பார்த்தார் மிட்ஜ்லி. தட்டல் நின்றது! நிறத்தால் அன்று, அயோடினால்தான் நின்றது என்று பிறகு தெரிந்தது. தவறான எண்ணம் சரியான கதவைத் திறந்த நிகழ்ச்சி இது. பல ஆண்டுகள் பற்பல பொருள்களைச் சோதித்து, 1921 டிசம்பர் 9-ஆம் நாள் டெட்ரா எத்தில் ஈயத்தைக் கண்டார்கள். ஒரு காலன் பெட்ரோலுக்கு மிகச் சிறிதளவே போதும். 1923-இல் விற்பனைக்கு வந்தது. 1924-இல் அமைந்த எத்தில் நிறுவனத்துக்குக் கெட்டரிங்கே முதல் தலைவர்.

இந்த இடத்தை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஈயம் நஞ்சு என்பது அன்றே மருத்துவர்கள் அறிந்த செய்தி. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலை ஒன்றில் தொழிலாளர் ஐவர் மூளை கலங்கி மாண்டனர். மற்ற ஆலைகளிலும் உயிர்கள் போயின. சாராயத்தைக் கலந்தாலும் தட்டல் குறையும் என்பதைக் கெட்டரிங்கின் குழுவே அறிந்திருந்தது. ஆயினும் ஈயமே நிலைத்தது. பல தலைமுறைக் குழந்தைகளின் இரத்தத்தில் அது ஏறியது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில்தான் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. உலகில் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. கெட்டரிங் கொடியவர் அல்லர். ஆனால் ஓர் எஞ்சினின் ஒலியை அவ்வளவு கூர்ந்து கேட்ட காது, ஆலைக்குள் இருந்தவர்களுக்கும் அதே கூர்மையோடு திறந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைமை அவரிடம் இருந்தது. எல்லாம் வெற்றியல்ல. நீருக்குப் பதிலாகக் காற்றால் குளிரும் செப்புத் தகட்டு எஞ்சினை 1923-இல் செவ்ரோலே காரில் வைத்தார்கள். அது படுதோல்வி. விற்ற வண்டிகளைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. விரைவில் உலரும் டூக்கோ வண்ணப்பூச்சு, ரயிலை இழுக்கும் இரு வீச்சு டீசல் எஞ்சின் ஆகியவை வென்றன. 1934-இல் ஓடத் தொடங்கிய பர்லிங்டன் செஃபயர் ரயில் அந்த டீசலின் முதற்புகழ். 1945-இல் ஆல்பிரட் ஸ்லோனும் அவரும் சேர்ந்து புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் கண்டார்கள். அடுத்த ஆண்டு அவர் மனைவி ஆலிவ் புற்றுநோயாலேயே இறந்தார்.

தட்டல் அடங்கவே, எஞ்சினில் கலவையை மேலும் நெருக்கி அழுத்தலாம் என்ற வழி திறந்தது. 1947-இல், ஓய்வு பெறும் தருவாயில், 12.5 மடங்கு அழுத்தம் கொண்ட ஆய்வு எஞ்சின் ஒன்றைப் பொறியாளர்கள் முன் அவர் வைத்தார். 1949-இல் ஓல்ட்ஸ்மொபைலும் காடிலாக்கும் புதிய எட்டு சிலிண்டர் எஞ்சின்களோடு வந்தன. ஆண்டுக்கு ஆண்டு அழுத்தமும் வேகமும் ஏறின.

அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். பாஷனின் விதி சொல்வது அதுவே. வேகம் கூடினால் சுருள் நிரம்ப நேரம் போதாது. இரண்டும் சேர்ந்து நெருக்கின. ஆறு வோல்ட் பேட்டரியை மாற்றி 1953 முதல் பன்னிரண்டு வோல்ட் புகுந்தது. 1950-களின் இறுதியில் கார்வெட் என்னும் விரைவுக் காருக்குத் தொழிற்சாலையிலேயே இரட்டைப் பாயிண்ட் வைத்தார்கள். ஒன்று திறக்கும், மற்றது முந்தி மூடும், சுருளுக்குச் சில பாகை கூடுதலாகக் கிடைக்கும். 1967-இல் வந்த கமாரோ இசட்-28 போன்ற வண்டிகள் 7,000 சுற்றை எட்டின. தட்டல் என்று தம் மேல் விழுந்த பழியைத் துடைக்கக் கெட்டரிங் தொடங்கிய வேலை, கடைசியில் அவருடைய பாயிண்ட் எட்ட முடியாத வேகத்துக்கு எஞ்சினைக் கொண்டு போயிற்று.

அந்த நாளை அவர் பார்க்கவில்லை. 1958 நவம்பர் 25-ஆம் நாள் டேட்டனை அடுத்த தம் இல்லத்தில் காலமானார். வயது எண்பத்திரண்டு.

பாயிண்டின் வேலையை டிரான்சிஸ்டரிடம் கொடுக்கும் அமைப்பை 1963-இல் பான்டியாக் கார்களுக்கு அளித்தது வேறு யாருமல்ல, டெல்கோவின் வழிவந்த டெல்கோ-ரெமியே. 1975-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களிலிருந்து பாயிண்ட் அறவே நீங்கியது. பந்தய வேகத்தை அதற்கு அமெரிக்க அரசு காரணமாக்க முடியாது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே உந்தியது. 50,000 மைல் வரை புகை அளவு மாறக் கூடாது என்றால், தேயும் கட்டையை நம்ப இயலாது அல்லவா? அந்தப் புதிய அமைப்பையும் வேகப் பிரியர்கள் விட்டுவைக்கவில்லை. உயர் வேகத்தில் போதவில்லை என்று அதன் மின்னணுப் பகுதியையும் சுருளையும் மாற்றிப் பூட்டினார்கள். எட்டு சிலிண்டருக்கு ஒரே சுருள் என்ற இக்கட்டு அதிலும் இருந்தது.

இன்றைய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு சிறு சுருள் அமர்ந்திருக்கிறது. பாயிண்ட் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. முதன்மைச் சுற்றை அறுத்துத் துணைச்சுற்றில் பொறி எழுப்பும் முறை மட்டும் மாறவில்லை. ஒரு சுருளுக்கு ஒரே சிலிண்டர் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். ஆகவே 6,000 சுற்றில் ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் இடையே 20 மில்லி நொடி கிடைக்கிறது. 1910-ஆம் ஆண்டின் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று 1,500 சுற்றில் ஓடினால் கெட்டரிங்கின் சுருளுக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். அதுவும் அதே 20 மில்லி நொடிதான்.